ஊருக்குப் போகும் பெட்டியில் முதலில் எதை வைப்பது?



பாடசாலை விடுமுறை நெருங்கினால் எங்கள் வானொலிக் கலையகத்துக்கு வரும் தொலைபேசி அழைப்புகளும் மாறிவிடும். பாட்டுக் கேட்பவர்கள் குறைந்து, "ஊருக்குப் போறம், என்ன கொண்டு போறது?" என்று கேட்பவர்கள் கூடிவிடுவார்கள். சென்ற மாதம் இதைப் பற்றி அரைமணி நேரம் பேசினேன். நேரம் போதவில்லை. "அண்ணை, ஒரு தாளிலை எழுதித் தந்தால் பெட்டி அடுக்கேக்கை பக்கத்திலை வைச்சிருக்கலாம்" என்று ஒரு சகோதரி கேட்டார். அவருக்காகவும், அவரைப் போன்றவர்களுக்காகவும் இந்தக் கட்டுரை.

நான் வைத்தியனும் அல்ல, சட்டத்தரணியும் அல்ல. வணிகமாணிப் பட்டத்தோடு மற்றவர்களுடைய வரவு செலவை எழுதிப் பிழைக்கிறவன். ஆனால் பயணப் பெட்டியும் ஒரு வரவு செலவுத் திட்டம்தான். பல விமான நிறுவனங்களில் ஒரு பெட்டிக்கு 23 கிலோ. வெறும் பெட்டியே மூன்று முதல் ஐந்து கிலோ இருக்கும். மிஞ்சுவது 18 அல்லது 20 கிலோ. அதற்குள் எதை முதலில் எழுதுகிறோம், எதைக் கடைசியில் எழுதுகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. நான் அதைத் தலைகீழாக எழுதிய கதையை முதலில் சொல்கிறேன்.

192 கிலோவின் கணக்கு

நான் ஊரை விட்டு வெளிக்கிட்டது 1990 இல். 2002 இல் போர்நிறுத்தம் வந்து ஏ9 பாதை திறந்த பிறகு, 2003 ஆகஸ்டில் மனைவியையும் ஐந்து வயது மகளையும் கூட்டிக்கொண்டு ரொறன்ரோவிலிருந்து முதல் தடவையாக ஊருக்குப் போனேன். அந்தக் காலத்தில் ஒருவருக்கு 32 கிலோப்படி இரண்டு பெட்டி தந்தார்கள். மூன்று பேருக்கு ஆறு பெட்டி, 192 கிலோ. ஒரு கிலோவையும் வீணாக்கவில்லை என்று எனக்குப் பெருமை.

உள்ளே என்ன இருந்தது? சொக்கிலேற், சவர்க்காரம், வாசனைத் திரவியம், மலிவு விற்பனையில் வாங்கிய கம்பளிச் சட்டைகள், தடித்த ஜீன்ஸ், சப்பாத்துகள், இங்குள்ள நண்பர்கள் தந்துவிட்ட பொதிகள். மகளுக்கென்று வைத்தது ஏறக்குறைய பத்துக் கிலோ. அதில் மருந்து என்று இருந்தது ஒரு போத்தல் காய்ச்சல் பாணி மட்டும். "எங்கடை ஊருக்குத்தானே போறம், அங்கை என்ன பயம்?" என்பது எங்கள் நினைப்பு.

ஓமந்தையிலும் முகமாலையிலும் வெயிலுக்குள் பெட்டிகளை இறக்கி, திறந்து காட்டி, மறுபடி ஏற்றினோம். வீடு போய்ச் சேர்ந்தபோது சொக்கிலேற் எல்லாம் உருகிக் கம்பளிச் சட்டைகளில் ஊறியிருந்தது. மூன்றாம் நாள் மகளுக்குக் காய்ச்சல். கொண்டுபோன பாணியைக் கொடுத்தோம். மறுநாள் கண் சொருகிக் கிடந்தாள். வான் பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

"என்ன மருந்து குடுத்தனீங்கள்?" என்று வைத்தியர் கேட்டார். போத்தலைக் காட்டினேன். வாசித்துவிட்டு நிமிர்ந்து, "இது ஐபுபுரோஃபன். இங்கை காய்ச்சல் எண்டால், டெங்கு இல்லை எண்டு தெரியுமட்டும் இதைத் தொடக் கூடாது. பனடோல் மட்டும்தான்" என்றார். நல்லகாலம், இரத்தப் பரிசோதனையில் டெங்கு இல்லை. ஒரு சாதாரண வைரஸ் காய்ச்சல், அதோடு வெக்கையில் உடம்பிலிருந்த நீர் வற்றிப் போனது. சேலைன் ஏற்றி நாலு நாள் வைத்திருந்தார்கள்.

இப்போது நாட்கணக்கைப் பாருங்கள். நாங்கள் ஊரில் நின்றது 14 நாள். ஆஸ்பத்திரியில் 4 நாள். கொழும்புப் பாதையில் 2 நாள். பிறர் தந்த பொதிகளை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்ததில் 5 நாள். ஐயாவோடு திண்ணையில் இருந்து கதைக்கக் கிடைத்தது மூன்றே நாள்.

அந்த மூன்று நாளில் ஒன்றில்தான் கவனித்தேன். ஐயாவின் மூக்குக்கண்ணாடியின் ஒரு பக்கக் கால் உடைந்து, நூலால் கட்டியிருந்தது. கண்ணாடியும் பார்வைக்குக் காணாமல், பேப்பரை வெளிச்சத்துக்குப் பிடித்துத் தலைப்பை மட்டும் வாசித்துக்கொண்டிருந்தார். "ஏன் ஐயா சொல்லேல்லை? நான் செய்விச்சுக் கொண்டந்திருப்பனே" என்றேன். "நீ கேக்கேல்லையே தம்பி" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டுதான் சொன்னார். யாழ்ப்பாணம் நகரத்தில் கண் பரிசோதித்துப் புதிய கண்ணாடி எடுத்துக் கொடுத்துவிட்டு வந்தேன்.

2006 ஆகஸ்டில் பாதை மறுபடி மூடப்பட்டது. 2007 இல் ஐயா காலமானார். எங்களால் போக முடியவில்லை. ஆகவே அந்த மூன்று நாளும்தான் கணக்கு.

நேயர்களே, இதைச் சொல்வது அனுதாபத்துக்காக அல்ல. ஊர்ப் பயணத்தில் உண்மையான செலவு டிக்கெட் காசு அல்ல, நாட்கள். பெட்டியில் எதை வைக்கிறோம் என்பது அந்த நாட்களில் எத்தனை எங்கள் கைக்கு வரும் என்பதைத் தீர்மானிக்கிறது. இதை மனதில் வைத்துக்கொண்டு ஒழுங்காகப் பார்ப்போம்.

பெட்டி திறக்க முன்: உங்கள் நிலை என்ன?

இது கனடாவில் அகதிக் கோரிக்கை ஏற்கப்பட்டு, நிரந்தர வதிவிடம் பெற்று, இன்னும் குடியுரிமை எடுக்காமல் இருப்பவர்களுக்கு. தயவுசெய்து இரண்டு தடவை வாசியுங்கள்.

அகதியாகப் பாதுகாப்புப் பெற்றவர் தாய்நாட்டுக்குப் போய்வந்தாலோ, தாய்நாட்டுக் கடவுச்சீட்டைப் புதுப்பித்துப் பயன்படுத்தினாலோ, "இவர் மறுபடி அந்த நாட்டின் பாதுகாப்பை ஏற்றுக்கொண்டுவிட்டார்" என்று கூறி அவருடைய அகதி நிலையை முடிவுக்குக் கொண்டுவர அரசு விண்ணப்பிக்கலாம். 2012 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த சட்டத்திருத்தத்தின் பின், அப்படி முடிவுக்கு வந்தால் நிரந்தர வதிவிடமும் சேர்ந்து போய்விடலாம். "பத்து வருசமாய் இஞ்சை இருக்கிறன், வரி கட்டுறன்" என்பது இதற்குப் பதில் ஆகாது. கனடியக் குடியுரிமை பெற்றவர்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை. ஆகவே குடியுரிமை எடுத்துவிட்டுப் போவதே புத்தி. தாய் தகப்பன் கடுமை என்று அவசரமாகப் போக வேண்டி வந்தால், டிக்கெட் வாங்க முன் குடிவரவுச் சட்டத்தரணி ஒருவரைப் பாருங்கள்.

குடியுரிமை உள்ளவர்கள் பார்க்க வேண்டியவை: கடவுச்சீட்டு ஆறு மாதத்துக்குக் குறையாமல் செல்லுபடியாக இருக்க வேண்டும். இலங்கைக்கான நுழைவு அனுமதி விதிகள் அடிக்கடி மாறியிருக்கின்றன. போகும் காலத்தில் உள்ள விதியை இலங்கை அரசின் உத்தியோகபூர்வத் தளத்தில் மட்டும் பாருங்கள். தாயோ தகப்பனோ தனியாகப் பிள்ளைகளைக் கூட்டிப்போவதானால், மற்றவர் கையொப்பமிட்ட சம்மதக் கடிதம் ஒன்று கையில் இருக்கட்டும். கனடிய அரசும் இதையே பரிந்துரைக்கிறது. மாகாண மருத்துவக் காப்புறுதி வெளிநாட்டுச் செலவில் மிகச் சிறு பங்கையே தரும் என்பதால் பயணக் காப்புறுதி எடுங்கள். ஏற்கெனவே உள்ள வருத்தங்களை மறைக்காமல் எழுதுங்கள். மறைத்தால் கட்டிய காசு வீண். 10,000 கனடிய டொலர் அல்லது அதற்கு மேற்பட்ட பணத்தைக் கொண்டுபோகலாம், ஆனால் வெளியேறும்போதும் திரும்பும்போதும் சுங்கத்தில் சொல்ல வேண்டும்.

இவை எல்லாவற்றையும் படம் எடுத்து, ஒரு பிரதி கைப்பையிலும் ஒரு பிரதி இங்குள்ள உறவினரிடமும் வையுங்கள்.

கைப்பை: பெட்டி வராவிட்டாலும் மூன்று நாள்

ரொறன்ரோவிலிருந்து கொழும்புக்கு நேரடி விமானம் இல்லை. இடையில் மாறித்தான் போக வேண்டும். மாறுகிற இடத்தில் பெட்டி தவறுவது புதினம் அல்ல. ஆகவே கைப்பையை "பெட்டி வராவிட்டால் மூன்று நாள் சமாளிக்க" என்று நினைத்து அடுக்குங்கள்.

அதில் முதலாவது மருந்து. பயண நாட்களுக்குத் தேவையானதோடு மேலதிகமாக ஒரு வாரத்துக்குரிய குளிசைகள், மருந்தகம் ஒட்டித்தந்த பெயர்ச்சீட்டுள்ள போத்தலிலேயே இருக்கட்டும். எல்லாவற்றையும் ஒரே டப்பாவில் கொட்டிக் கொண்டுபோகாதீர்கள். வைத்தியரின் மருந்துச் சீட்டின் பிரதியும் வேண்டும். மருந்தின் வணிகப் பெயர் இங்கே ஒன்று, அங்கே ஒன்று. ஆகவே உள்ளே இருக்கும் மருந்தின் பெயரையும் அளவையும் எழுதி வையுங்கள்.

இன்சுலின் போடுபவர்கள் அதைச் சரக்கறைப் பெட்டியில் வைக்கக் கூடாது. அங்கே குளிரில் உறைந்தால் மருந்து பழுது. கைப்பையில் வையுங்கள். ஊரில் மின்சாரம் நின்றால் என்ன செய்வது என்று ஒரு நேயர் கேட்டார். புதிய மண்முட்டி ஒன்றுக்குள் வைத்து, வெளியே ஈரத்துணி சுற்றி, காற்றுப் படும் நிழலில் வைத்தால் அறையின் வெக்கையை விட உள்ளே குளிர்ச்சியாக இருக்கும். எங்கள் ஆச்சிமார் தண்ணீர் குளிரவைத்த அதே முறைதான். கொழும்புக்கும் ரொறன்ரோவுக்கும் இடையே நேர வித்தியாசம் கோடையில் ஒன்பதரை மணித்தியாலம், மாரியில் பத்தரை. குளிசையையும் ஊசியையும் எந்த நேரத்துக்கு மாற்றுவது என்று போக முன் வைத்தியரிடம் கேட்டு எழுதி வாங்குங்கள்.

தொலைபேசிக்கு மேலதிக மின்சாரம் தரும் பவர் பேங்க் கைப்பையில்தான் இருக்க வேண்டும். சரக்கறைப் பெட்டியில் வைக்க அனுமதி இல்லை. ஆளுக்கு ஒரு மாற்றுடுப்பு, பிள்ளைகளுக்கு இரண்டு, ஒரு மெல்லிய போர்வை. இவ்வளவும் போதும். பல நிறுவனங்களில் கைப்பை 7 கிலோ மட்டும் என்பதை மறக்க வேண்டாம்.

சென்னை வழியாகப் பலாலிக்குப் போகிறவர்களுக்கு ஒரு சொல். அங்கே வருவது சிறிய விமானம். பெரிய விமானத்தில் கொண்டுவந்த எடையெல்லாம் அதிலும் போகும் என்று நினைக்காமல், அந்த டிக்கெட்டின் எடையைத் தனியாகப் பாருங்கள்.

வெக்கைக்கு உடம்பு பழக நாள் வேண்டும்

"நாங்கள் வெயிலுக்குள்ளை பிறந்து வளர்ந்த ஆக்கள்" என்று சொல்லுவோம். பிறந்தது உண்மை. ஆனால் உடம்புக்கு அந்தப் பழக்கம் நெடுநாள் நிற்பதில்லை. குளிர்நாட்டிலிருந்து போன உடம்பு வெக்கைக்குப் பழக ஒன்று முதல் இரண்டு வாரம் எடுக்கும். இரண்டு வாரப் பயணம் என்றால், உடம்பு பழகும் நேரத்தில் நீங்கள் திரும்பி வரும் விமானத்தில் இருப்பீர்கள். யாழ்ப்பாணத்தில் ஆகஸ்ட் பகல் 32, 33 பாகை. இங்கேயும் கோடையில் சில நாள் அப்படி வரும்தானே என்பீர்கள். ஆனால் அங்கே காற்றில் ஈரப்பதன் கூட. வேர்வை காய்ந்தால்தான் உடம்பு குளிரும். ஈரக்காற்றில் வேர்வை காயாமல் வழியும், உடம்புச் சூடு இறங்காது. பிள்ளைகளும் முதியவர்களும் முதலில் சோர்வது இதனால்தான்.

இதற்கு வேண்டிய உடுப்பு: தளர்வான, மெல்லிய பருத்தி. ஆளுக்கு ஐந்து சோடி போதும். தோய்த்துக் கொடியில் போட்டால் ஆகஸ்டில் மதியத்துக்குள் காய்ந்துவிடும். மார்கழியில் மழை என்றால் காயாது. டிசம்பரில் போகிறவர்கள் இரண்டு சோடி கூட்டி வையுங்கள். ஜீன்ஸ் ஒன்று அரைக் கிலோவுக்கு மேல். நனைந்தால் இரண்டு நாளுக்குக் காயாது, போட்டால் தொடையில் வேர்க்குரு போடும். விமானத்துக்கு உடுத்திப்போகும் ஒன்று போதும். முழுக்கைச் சட்டையும் நீளக் களிசானும் வெயிலுக்கும் உதவும், நுளம்புக்கும் உதவும். பருத்தித் தொப்பி ஆளுக்கு ஒன்று. எஸ்.பி.எஃப். 30 அல்லது அதற்கு மேற்பட்ட வெயில் கிறீம் இங்கிருந்தே கொண்டுபோங்கள். துவாய், சாரம், இறப்பர்ச் செருப்பு, குடை எல்லாம் அங்கே வாங்கலாம். அவற்றுக்கு எடையைச் செலவழிக்க வேண்டாம்.

ஓ.ஆர்.எஸ். என்னும் நீரிழப்புக்கான தூள், ஊரில் "ஜீவனி" என்று கேட்டால் தருவார்கள். ஆனாலும் முதல் நாளுக்கு நாலு பைக்கற் பெட்டியில் இருக்கட்டும். கிடைக்காவிட்டால் கொதித்தாறிய ஒரு லீற்றர் தண்ணீரில் ஆறு மட்டத் தேக்கரண்டி சீனியும் அரை மட்டத் தேக்கரண்டி உப்பும் கரைத்துக் கொடுக்கலாம். அளவு முக்கியம். உப்புக் கூடினால் தீமை. இதற்காகவே நான் ஒரு தேக்கரண்டியை மருந்துப் பையில் வைத்திருக்கிறேன். மனைவி சிரிப்பார், சிரிக்கட்டும்.

முதல் மூன்று நாள் பத்து மணிக்குப் பிறகு நாலு மணி வரை பிள்ளைகளை வெயிலில் விடாதீர்கள். கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் ஏறக்குறைய 400 கிலோமீற்றர். விமானத்தால் இறங்கிய கையோடு வானில் ஏறி ஓடாமல், முடிந்தால் ஓரிரவு தங்கிப் போங்கள்.

நல்லூருக்குப் போகிறவர்கள்

கோடை விடுமுறையில் போவோர் பலருக்கும் நல்லூர்த் திருவிழாதான் குறி. 25 நாள் திருவிழா. ஆண்கள் மேலாடை இல்லாமல்தான் உள்ளே போக வேண்டும். ஆகவே வேட்டி சால்வை பெட்டியில் கட்டாயம். பையனுக்கு இடுப்பில் ஒட்டிக்கொள்ளும் வேட்டி வைத்தால் அழமாட்டான். வெளிவீதியில் வெறுங்காலோடு நிற்கும்போது, மணல் மதியத்தில் சுடும். எங்களுக்கு அது பழைய சூடு. சப்பாத்துக்குள்ளேயே வளர்ந்த பிள்ளையின் பாதத்துக்கு அது கொப்புளம். காலைப் பூசைக்கோ மாலைப் பூசைக்கோ போங்கள். வெற்று முதுகுக்கும் கழுத்துக்கும் கிறீம் பூசிவிடுங்கள். "கோயிலுக்கு என்ன கிறீம்?" என்று கேட்ட என் தம்பி முறையான ஒருவர், அன்றிரவு குப்புறத்தான் படுத்தார்.

நுளம்பு: வலை மட்டும் போதாது

இலங்கையிலிருந்து மலேரியா ஒழிக்கப்பட்டுவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் 2016 இல் சான்றளித்தது. அந்தப் பயம் விலகியது நல்ல செய்தி. ஆனால் டெங்கு ஆண்டு முழுவதும் இருக்கிறது. 2017 இல் நாடு முழுவதும் 186,000 பேருக்கு மேல் பதிவானார்கள். வடக்கில் மழை பெய்வது ஐப்பசி முதல் மார்கழி வரை. அதைத் தொடர்ந்து டெங்கு கூடும். அதாவது நத்தார் விடுமுறைக்கும் தைப்பொங்கலுக்கும் போகிறவர்கள் கூடிய கவனம் எடுக்க வேண்டும்.

டெங்கு நுளம்பு கடிப்பது பகலில், அதிலும் காலையிலும் பொழுதுபடும் நேரத்திலும். ஆகவே இரவில் வலைக்குள் படுத்தால் மட்டும் காணாது. பூசும் மருந்து வேண்டும். பெரியவர்களுக்கு 30 வீதம் வரை டீட் உள்ளது அல்லது 20 வீதம் இக்கரிடின் உள்ளது வாங்குங்கள். ஆறு மாதத்துக்கு மேற்பட்ட குழந்தைகளுக்கு இக்கரிடின் பூசலாம். ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு ஒன்றும் பூச வேண்டாம், வலைதான். முதலில் வெயில் கிறீம், அது காய்ந்த பின் நுளம்பு மருந்து. ஒழுங்கு மாறக் கூடாது.

மருந்துப் பையில் எழுதி ஒட்ட வேண்டிய வசனம் இதுதான்: காய்ச்சல் என்றால் பனடோல் மட்டும். ஊரில் பனடோல் என்பது இங்கே டைலனோல். இரண்டும் ஒரே மருந்து. ஆகவே இரண்டையும் ஒருமித்துக் கொடுத்து அளவைக் கூட்டிவிடாதீர்கள். அட்வில், மோட்ரின் என்பன ஐபுபுரோஃபன். அவையும் அஸ்பிரினும் டெங்குக் காய்ச்சலில் இரத்தக் கசிவைக் கூட்டும். இதயத்துக்காக அஸ்பிரின் எடுப்பவர்கள் தாமாக நிறுத்தாமல், காய்ச்சல் வந்தவுடன் வைத்தியரிடம் சொல்லுங்கள். காய்ச்சல் மூன்றாம் நாளும் விடாவிட்டால் இரத்தப் பரிசோதனை. பிள்ளை சோர்ந்தால், வாந்தி எடுத்தால், வயிற்றுவலி என்றால் மூன்று நாள் காத்திருக்க வேண்டாம், உடனே போங்கள். திரும்பி வந்து இரண்டு வாரத்துக்குள் காய்ச்சல் கண்டால், இங்குள்ள வைத்தியரிடம் முதல் வசனமாக "இலங்கைக்குப் போய்வந்தோம்" என்று சொல்லுங்கள்.

தடுப்பூசியும் பெட்டியில் வைப்பது போலத்தான், ஆனால் ஆறு வாரம் முன்னரே வைக்க வேண்டும். நெருப்புக்காய்ச்சல், ஹெப்படைட்டிஸ் ஏ, சின்னமுத்து ஆகியவற்றைப் பற்றிக் கேளுங்கள். சுற்றுலாப் பயணிகள் ஊசி போட்டுக்கொண்டு போகிறார்கள். சொந்த ஊருக்குப் போகும் நாங்கள்தான் போடாமல் போய், உறவினர் வீட்டில் கிணற்றுத் தண்ணீர் குடித்து வருத்தம் தேடுகிறோம். தண்ணீரைக் கொதிக்க வைத்துத் தரும்படி கேட்பதில் வெட்கம் வேண்டாம். "எங்கடை தண்ணி என்ன ஊத்தையோ?" என்று மாமி கோபித்தால், "வைத்தியர் சொன்னவர் மாமி" என்று பழியை அவர் தலையில் போடுங்கள். தெருநாய் கடித்தாலோ பிறாண்டினாலோ, காயத்தைச் சவர்க்காரம் போட்டு 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

மின்சாரச் சாமான்

இங்கே 120 வோல்ற், அங்கே 230. தொலைபேசி, மடிக்கணினி என்பவற்றின் சார்ஜரில் "100–240" என்று எழுதியிருந்தால் செருகியை மாற்றும் துண்டு ஒன்று போதும். அதைக் கொழும்பில் மலிவாக வாங்கலாம். முடி உலர்த்தி, முடி நேராக்கி, சோறு காய்ச்சும் சட்டி போன்றவற்றில் 120 என்று மட்டும் இருந்தால் கொண்டுபோக வேண்டாம். செருகிய உடனே புகைதான் வரும். பரிசாகவும் கொடுக்க வேண்டாம்.

அன்பளிப்பு: முதலில் ஒரு தொலைபேசி அழைப்பு

இப்போது 2003 அல்ல. நாங்கள் கொண்டுபோகும் சவர்க்காரமும் பற்பசையும் சொக்கிலேற்றும் யாழ்ப்பாணத்துக் கடைகளில் இருக்கின்றன. இல்லாதது எது என்று அங்குள்ளவர்களுக்குத்தான் தெரியும். ஆகவே ஒரு மாதத்துக்கு முன் எடுத்துக் கேளுங்கள். "என்ன வேணும்?" என்று பொதுவாகக் கேட்டால் "ஒண்டும் வேண்டாம், நீங்கள் வந்தால் காணும்" என்றுதான் சொல்லுவார்கள். எங்கள் சனத்தின் மரியாதை அது. குறிப்பாகக் கேளுங்கள். கண்ணாடி தெளிவாகத் தெரியுதோ? காது மெசினுக்குப் பற்றறி என்ன இலக்கம்? முழங்காலுக்குப் பட்டி எந்த அளவு? இரவில் எழும்ப வெளிச்சம் இருக்கோ? இவை எல்லாம் சேர்ந்தாலும் ஒரு கிலோ வராது. மற்றவருக்கு வைத்தியர் எழுதும் மருந்துகளை மட்டும், அவருடைய மருந்துச் சீட்டு இல்லாமல் கொண்டுபோகாதீர்கள். மிச்சத்துக்கு அங்கேயே வாங்கிக் கொடுங்கள், ஊர்க் கடைக்காரருக்கும் வியாபாரம் ஆகும்.

அடுத்தது பிறர் பொதி. "இந்தச் சின்னப் பாசலையும் ஒருக்கா..." என்று வருவார்கள். ஒட்டிய பொதியை வாங்கவே கூடாது. பெட்டியை நீங்கள்தான் அடுக்கினீர்களா என்று விமான நிலையத்தில் கேட்டால் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள். திறந்து பார்த்து, அரைக் கிலோவுக்கு மேற்படாமல், வந்து எடுக்கும் ஆளின் தொலைபேசி இலக்கத்தோடு தந்தால் மட்டும் கொண்டுபோங்கள். வீடு தேடிப்போய்க் கொடுப்பதில் போன என் ஐந்து நாளை நினைத்துக்கொள்ளுங்கள்.

கொண்டுபோகக் கூடாதவையும் உண்டு. இராணுவ உடை போன்ற புள்ளிச் சட்டைகள், எந்த அமைப்பின் சின்னமும் பொறித்த உடை அல்லது சாவிக்கொத்து, புத்தர் உருவம் அச்சிட்ட உடுப்பு, அனுமதி பெறாத ட்ரோன். இளம் பிள்ளைகள் விளையாட்டாக வைத்திருப்பார்கள். பெட்டி பூட்ட முன் நீங்களே ஒருமுறை பாருங்கள்.

திரும்பி வரும் பெட்டி

போகும்போதே பாதிப் பெட்டி வெறுமையாக இருந்தால் வரும்போது ஒடியலும் புழுக்கொடியலும் பனாட்டும் மிளகாய்த்தூளும் வைக்க இடமிருக்கும். உணவுப் பொருள் எதுவானாலும் கனடாச் சுங்கத்தில் சொல்லுங்கள். சொன்னால் பார்த்துவிட்டு விடுவார்கள், அல்லது எடுத்துவிடுவார்கள். மறைத்தால்தான் தண்டம். செடி, விதை, ஊர் மண் ஆகியவற்றைக் கொண்டுவர வேண்டாம். 48 மணித்தியாலத்துக்கு மேல் வெளியே நின்றவர் 800 கனடிய டொலர் பெறுமதியான பொருட்களைத் தீர்வை இல்லாமல் கொண்டுவரலாம். இங்கிருந்து நகை போட்டுக்கொண்டு போகிறவர்கள், போக முன் படமும் மதிப்பீட்டுத் துண்டும் எடுத்து வைத்தால், வரும்போது அங்கே வாங்கியது என்ற கேள்வி எழாது.

முடிவாக

என் இப்போதைய கணக்கு இது. ஒரு பெட்டியில் முதல் நாலு கிலோ உடம்புக்கு: மருந்துப் பை, நுளம்பு மருந்து, கிறீம், தொப்பி. அடுத்த ஆறு கிலோ உடுப்பு. அடுத்த இரண்டு கிலோ, கேட்டு எழுதிய அன்பளிப்பு. மிச்சம் வெறுமை. 2023 இல் இந்த ஒழுங்கில்தான் போனோம். மகளுக்கு அப்போது 25 வயது. ஒரு நாளும் யாரும் படுக்கவில்லை. மாலையில் ஐயாவின் திண்ணையில் என் அக்காவோடு இருந்து, மகள் தனக்குத் தெரிந்த தமிழில் பழைய கதைகளைக் கேட்டாள். அக்கா அலுமாரியைத் திறந்து ஐயாவின் கண்ணாடியை எடுத்துக் காட்டினா. நான் செய்வித்துக் கொடுத்ததுதான். கூட்டில் வைத்து, துணி சுற்றி, பத்திரமாக இருந்தது.

ஆகவே நேயர்களே, இன்றிரவு பெட்டியை இறக்க முன் தொலைபேசியை எடுங்கள். ஊரில் உங்களுக்காகக் காத்திருப்பவரிடம் குறிப்பாக ஒரு கேள்வி கேளுங்கள். அவர் சொல்லும் பதிலைத் தாளில் முதல் வரியாக எழுதிவிட்டுப் பிறகு அடுக்கத் தொடங்குங்கள்.

போய் நின்று, சுகமாகத் திரும்பி வாருங்கள். வந்த பின் வானொலிக்கு எடுத்து, நான் விட்டுவிட்டது என்ன என்று சொல்லுங்கள். அடுத்தவருக்கு உதவும்.